பட்டியலில் இல்லாத நாடு

எங்கள் வாரியத்தில் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வாசலில் 'சுவாசக் கிருமி மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வாரியம்' என்று பித்தளைப் பலகை இருக்கிறது. அதை முழுதாக வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடும். நிமோனியா, காதுவலி, சைனஸ் என்று வருகிற கிருமிகளில் எது மருந்துக்குச் சாகாமல் அடம்பிடிக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்வது எங்கள் வேலை. நான் யோர்டிஸ். பதினோரு வருடமாக இங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.

எங்கள் இயக்குநர் ஸ்டூரே தினமும் இரண்டு முறை காபி அறைக்கு வருவார். காபிக்காக இல்லை, சுவருக்காக. அந்தச் சுவரில் பதினாறு சைபர்கள் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வருட அறிக்கையின் முதல் பக்கம்: 'ஸ்வீடனில் உருவான மருந்தெதிர்ப்புக் கிருமிகள்: 0'. வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்து அந்த சைபரைப் பற்றி அவர் பேசப் போவதும் உண்டு. திரும்பி வந்ததும் அவருக்கே ஒரு வாரம் இருமல் இருக்கும்.

அந்த சைபர் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். அடம்பிடிக்கும் கிருமி ஒன்று ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டால் ஏழாம் எண் படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'கிருமி எந்த நாட்டிலிருந்து வந்தது' என்று ஒரு கட்டம். அதைத் தட்டினால் உலகத்து நாடுகளெல்லாம் அகர வரிசையில் இறங்கும். ஸ்வீடன் மட்டும் இருக்காது. ஸ்விட்சர்லாந்துக்குப் பிறகு அந்த எழுத்தில் வேறு நாடே கிடையாது. மறதியா, திட்டமா என்று பதினோரு வருடமாக யோசிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டூரேயிடம் கேட்டேன். "வெளியிலேருந்து வந்தது எங்கேருந்து வந்ததுன்னு கேக்குற கட்டம் அது. நம்ம நாட்டை எதுக்குப் போடணும்?" என்றார். அப்போது அது நியாயமாகக்கூடத் தோன்றியது.

நாடு எழுதாமல் படிவம் போகாது. படிவம் போகாமல் அனுமதி எண் வராது. அனுமதி எண் இல்லாமல் பெனிசிலினுக்கு அடுத்த வரிசை மருந்துகள் பூட்டியிருக்கும் அலமாரியை எந்த டாக்டரும் திறக்கக் கூடாது. கண்டபடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும் என்ற நல்ல எண்ணத்தில் போட்ட பூட்டு அது. பூட்டை நான் குறை சொல்லமாட்டேன். சாவியைப் போய் ஒரு பட்டியலில் கட்டித் தொங்கவிட்டார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஜனவரியில் மாரித் என்பவளின் சளி ஆய்வுக்கு வந்தது. நாற்பத்தெட்டு வயது, நிமோனியா, பெனிசிலின் கேட்கவில்லை. அவளால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாததால் கணவன் ரூனே விசாரணைக்கு வந்தார். ஊர் பஸ் ஓட்டுநர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட நேரத்துக்கு முன்னால் விட்டுக் கிளம்பாதவர் என்று அவரைப் பார்த்தாலே தெரியும். வரிசைச் சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்கு அவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

"பன் எடுத்துக்கங்க ரூனே. ஏலக்காய் போட்டது" என்றார் ஸ்டூரே. "மாரித் கடைசியா எந்த நாட்டுக்குப் போனாங்க?"

"எங்கயும் போகலை."

"தாய்லாந்து?"

"இல்லை."

"மயோர்க்கா தீவு?"

"அவளுக்கு விமானம்னாலே பயம்ங்க. டிவியில பறந்தாக்கூட கண்ணை மூடிக்குவா."

ஸ்டூரே என் பக்கம் திரும்பினார். "பயம்னு எழுதுங்க. கேள்விக்குறியோட." பிறகு, "பாஸ்போர்ட் இருக்கா?"

"காலாவதியாகி நாலு வருஷம் ஆச்சு."

"எங்கயும் போகாதவங்க பாஸ்போர்ட் வாங்கினது எதுக்கு?"

ரூனே பன்னைக் கீழே வைத்தார். "அவ பாலர் பள்ளியில வேலை பாக்குறா. பதினேழு குழந்தைங்க. பதினேழுக்கும் மூக்கு ஒழுகுது. போன மாசம் பாதிப் பேருக்குக் காதுவலி, மருந்து கொடுத்தும் விடலையாம். அங்க போய்ப் பாத்தீங்கன்னா ஏதாவது தெரியுமில்ல?"

"அதெல்லாம் நம்ம ஊரு மூக்கு, ரூனே."

"அதான் சொல்றேன்."

"நான் முப்பது வருஷமா நம்ம கிருமிங்களைப் பாக்குறேன். அடக்கமானதுங்க. வரிசையில நிக்கும். பெனிசிலின் கொடுத்தா மரியாதையா செத்துப்போகும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. பேசுச்சுன்னா அது இங்க பொறந்ததே இல்லை. நான் யாரையும் குத்தம் சொல்லலை. எல்லா நாட்டுக் கிருமியையும் சமமாத்தான் மதிக்கிறேன். அது எந்த நாடுன்னு தெரிஞ்சா நல்லா மதிக்கலாம், அவ்வளவுதான்."

"மருந்து எப்போ கிடைக்கும்?"

"நாடு கிடைச்ச உடனே."

இரண்டு நாள் கழித்து வீட்டைச் சோதனை போட்டோம். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்; ஸ்டூரேயின் இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மாரித் கூடத்துச் சோஃபாவில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்டூரே அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனார்.

"ஆரஞ்சு. ஸ்பெயின்" என்றார். "ஆலிவ். கிரீஸ். எழுதுறீங்களா யோர்டிஸ்? ஈரல் பேஸ்ட்..." டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "டென்மார்க்!"

"கடையில... விக்குறாங்க" என்றாள் மாரித். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுத்தாள். "உங்க வீட்டுல... என்ன... மரப்பட்டையா திங்கிறீங்க?"

"கோபப்படுறாங்க" என்று ஸ்டூரே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அதையும் எழுதுங்க."

அந்த நேரத்தில் அவர் செல்பேசி அடித்தது. சுகாதார நிலையத்து டாக்டர் பர்வானே. சத்தம் எனக்கே கேட்டது. "ஸ்டூரே, அந்தம்மாவை இன்னிக்கு ஆஸ்பத்திரியில சேக்குறேன். ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கிட்டே போகுது. நம்பரைக் கொடுங்க."

"வேலை நடந்துகிட்டே இருக்கு டாக்டர். இப்போ ஃப்ரிட்ஜுல இருக்கோம்."

ரூனே மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சனிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் கப்பல்ல போறதுண்டா?" என்று கேட்டேன்.

எங்கள் துறைமுக ஊரான ஹெல்சிங்போரியில் பாதிப் பேர் செய்கிற காரியம் அது. எதிர்க்கரையில் டென்மார்க். கப்பலில் இருபது நிமிடம். ஏறி உட்கார்ந்து, இறால் சாண்ட்விச்சும் ஒரு பீரும் வாங்கிக்கொண்டு, அந்தக் கரையில் இறங்காமல் அப்படியே திரும்பி வருவோம். பசி தீரவில்லை என்றால் இன்னொரு நடை.

"போவோம். ஆனா இறங்கமாட்டோமே."

"நடுக்கடலைத் தாண்டினா டென்மார்க்தான் ரூனே. அங்க நீங்க மூச்சு விட்டீங்க இல்ல?"

"விட்டோம். அதுக்காக அங்கதான் வந்துச்சுன்னு சொன்னா பொய்யில்லையா?"

உள்ளே மாரித் இருமத் தொடங்கினாள். நிற்கவே இல்லை. ரூனே எழுந்து போய், ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றிருந்த ஸ்டூரேயிடம், "டென்மார்க்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

ஸ்டூரே ரூனேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்கு முதல்லயே சந்தேகம்தான். அந்த ஈரல் பேஸ்ட்டைப் பாத்தப்பவே."

அத்தோடு மருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் பேரை எழுதினால் அந்த நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இன்னொரு விதி. டென்மார்க்கிலும் எங்களைப் போல ஒரு வாரியம் உண்டு. மறுநாளே பதில் வந்தது: 'எங்கள் நாட்டில் அத்தகைய கிருமி கிடையாது. உங்கள் பயணிகள் எங்கள் கரையில் இறங்குவதே இல்லை என்பதை வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகிறோம்.' ஸ்டூரே அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தார். "சைபர் வச்சிருக்காங்க, அதான் இந்தத் திமிரு" என்றார்.

திங்கட்கிழமை இரண்டு வாரியங்களும் பேச்சுவார்த்தைக்குக் கூடின. எந்தக் கரையில் கூடுவது என்பதில் தகராறு வந்ததால் கப்பலிலேயே கூடினோம். மாரித் அதற்குள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். ரூனேயைச் சாட்சியாக அழைத்து வந்திருந்தோம். எல்லோருக்கும் இறால் சாண்ட்விச். எங்கள் வழக்கப்படி மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது. முதல் சுற்று முடிவதற்குள் கப்பல் மூன்று முறை போய் வந்துவிட்டது.

டென்மார்க் வாரியத் தலைவி கெட்டிக்காரி. "கப்பல் நடுக்கோட்டைத் தாண்டுறப்போ உங்க மனைவி சாண்ட்விச்சுல எவ்வளவு சாப்பிட்டிருந்தாங்க?" என்று ரூனேயைக் கேட்டாள்.

"தெரியாதுங்க."

"பாதிக்கு மேலன்னா அது ஸ்வீடன் பக்கம் சாப்பிட்டது."

"பாதிக்குக் கம்மின்னா?" என்றார் ஸ்டூரே ஆவலோடு.

ரூனே எழுந்து நின்றார். மேசை ஆடியது. "என் பொண்டாட்டி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருக்கா. நீங்க இறாலை எண்ணிக்கிட்டு இருக்கீங்க!"

எங்கள் நாட்டில் கூட்டத்தில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்தோம். அவர் முறை வரவில்லை என்று ஸ்டூரே மென்மையாக நினைவுபடுத்தினார். அப்போதுதான் டென்மார்க் தலைவி ஸ்டூரே பக்கம் சாய்ந்து, "எங்ககிட்டயும் நாடில்லாம ரெண்டு கிருமி கிடக்கு" என்றாள். "அது ரெண்டும் ஸ்வீடன்லேருந்து வந்ததுன்னு நாங்க எழுதிக்கிறோம். உங்க ஒண்ணு டென்மார்க்லேருந்து வந்ததுன்னு நீங்க எழுதிக்கங்க. யாரும் யாரையும் கேக்க வேண்டாம்."

"எங்க சைபர் அப்படியே இருக்குமா?"

"எங்களோடதும் இருக்கும்."

ஸ்டூரேவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாட்டு அறிவியலும் கைகோத்துக்கிட்டா எதுதான் முடியாது!" என்றார். கைதட்டினோம். நானும் தட்டினேன். அன்று சாயங்காலம் அனுமதி எண் போனது. டாக்டர் பர்வானே அலமாரியைத் திறந்தார். மூன்றாம் நாள் மாரித் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் காபியைத் திட்டினாளாம். கப்பல் யோசனை என்னுடையது என்பதில் எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

வசந்தத்துக்குள் அதே பாலர் பள்ளியிலிருந்து ஆறு குழந்தைகளின் மாதிரிகள் வந்தன. அதே கிருமி. ஆனால் இந்த முறை தாமதமே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் யாரோ யாருக்கோ சொல்லி, எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. 'எந்த நாடு?' என்று கேட்டு முடிப்பதற்குள் 'டென்மார்க், கப்பல்' என்று பதில் வந்தது. ஒரு தகப்பன் சாண்ட்விச் ரசீதையே ஒட்டி அனுப்பியிருந்தார். டென்மார்க்காரர்களும் வாக்குத் தவறவில்லை. அவர்கள் பங்குக்கு ஒன்பதை எங்கள் தலையில் கட்டினார்கள். எங்கள் கணக்கு வருடம் மே மாதம் முடிந்ததும் பதினேழாவது சைபர் சுவரில் ஏறியது. அதற்கு கேக் வெட்டினோம்.

டாக்டர் பர்வானேவுக்கு மட்டும் கேக் இறங்கவில்லை. நேரில் வந்தார். "ஏழு பேர், ஸ்டூரே. ஏழு பேரும் ஒரே பள்ளிக்கூடம். உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுது டாக்டர். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க ரொம்ப ஊர் சுத்துறாங்க."

"நாலு வயசுக் குழந்தைங்க!"

"இந்தக் காலத்துக் குழந்தைங்க."

"இந்த அறிக்கையைப் படிச்சுட்டுத்தான் ஒவ்வொரு டாக்டரும் மருந்து எழுதுறாங்க. இங்க இல்லைன்னு நீங்க போட்டா, பெனிசிலின்தான் முதல்ல கொடுப்பாங்க. அது கேக்காது."

ஸ்டூரே அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "டாக்டர், நீங்க கடைசியா எப்போ வெளிநாடு போனீங்க?"

டாக்டர் பர்வானேயின் பேர்தான் வெளிநாட்டுப் பேர்; அவர் பிறந்தது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில். அதைச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஸ்டூரே அந்தக் கதவைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் அதே பள்ளிக் குழந்தை தூவா நோயில் விழுந்தாள். நாலரை வயது. அவள் அம்மா ஃப்ரீடா நீதிமன்றத்தில் எழுத்தர். சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். கடலில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பாளாம். டாக்டர் பர்வானே விடுப்பில் இருந்தார். வேறொரு இளம் டாக்டர் எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு பெனிசிலின் கொடுத்தார். மூன்றாம் நாள் ஆய்வுக்கூட முடிவு வந்தது. நாடு என்ற கட்டத்தில் ஃப்ரீடா கோடு போட்டிருந்தாள்.

நானே அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "கப்பல்னு போட்டுடுங்க ஃப்ரீடா. எல்லாரும் அதைத்தான் செய்யுறாங்க. பத்து நிமிஷத்துல நம்பர் வந்துடும்."

"எல்லாரும் அதைச் செஞ்சதாலதான் என் பொண்ணுக்கு முதல்லயே தப்பான மருந்து போச்சு" என்றாள். "இங்க இல்லை, இங்க இல்லைன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க. இங்கதான் இருக்குன்னு எழுதுங்க. அதுக்கு நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

பொய்யைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளே நான்தான்.

அன்று மத்தியானமே மாரித்தும் ரூனேயும் வாரியத்துக்கு வந்தார்கள். ஃப்ரீடா அவர்களிடமும் பேசியிருக்கிறாள். மாரித் வரிசைச் சீட்டு எடுக்காமல் நேராக ஸ்டூரேயின் அறைக்குள் போனாள். "நாங்க சொன்னது பொய். கப்பல்ல எதுவும் வரலை. அது என் பள்ளிக்கூடத்துல வந்துச்சு, என் பிள்ளைங்ககிட்டேருந்து எனக்கு. அதை அடிச்சுட்டு ஸ்வீடன்னு எழுதுங்க."

"அடிக்க முடியாது மாரித். உங்களை நாங்க டென்மார்க்கோட ஒப்பந்தம் போட்டு வாங்கியிருக்கோம். திருப்பிக் கொடுத்தா அவங்க பதினோரு கிருமியைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஒரு குழந்தை சாகக் கிடக்குதய்யா!"

"அதனாலதான் சொல்றேன். அவசரத்துல தப்பான நாடு எழுதிடக் கூடாது. அதோட, நீங்க சொல்ற நாடு" என்று கணினியை அவள் பக்கம் திருப்பினார், "பட்டியல்லயே இல்லையே. நீங்களே பாருங்க."

மாரித் பார்த்தாள். ரூனே அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவருகில் ஸ்டூரே சொன்னது எனக்குக் கேட்டது: "முதல்ல போகலைன்னாங்க, அப்புறம் போனோம்னாங்க, இப்போ போகலைங்கிறாங்க. எதை நம்புறது?"

நான்காம் நாள் விடுப்பிலிருந்து திரும்பிய டாக்டர் பர்வானே எண் இல்லாமலே அலமாரியைத் திறந்தார். அவர்மேல் இப்போது விசாரணை நடக்கிறது. குறிப்பு எழுதுவது நான்தான். தூவா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் கிருமி மூளை உறை வரைக்கும் போயிருந்தது. இடது காதின் கேள்வி போய்விட்டது. திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

நாடு எழுதாத அந்தப் படிவம் ஸ்டூரேயை உறுத்திக்கொண்டே இருந்தது. "பெரியவங்க மறைப்பாங்க, குழந்தைங்க மறைக்காது" என்று என்னையும் கூட்டிக்கொண்டு நவம்பரில் பாலர் பள்ளிக்குப் போனார். மழைநாள். பதினேழு குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். யாரோ தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் ஒரு லாரிக்காக அலறிக்கொண்டிருந்தார்கள். தூவா தரையில் உட்கார்ந்து மரத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூரே முக்கி முனகிக் குட்டி நாற்காலியில் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார்.

"தூவா, நீ கப்பல்ல போயிருக்கியா?"

அவள் ஒரு துண்டின் மேல் இன்னொன்றை வைத்தாள்.

"அம்மாவோட எங்கயாவது வெளிநாடு போனியா, கண்ணு?"

இன்னொரு துண்டு.

"தூவா, மாமா கேக்குறேன் இல்ல?"

மாரித் ஓடி வந்தாள். "ஸ்டூரே, அவளுக்கு அந்தப் பக்கம்..."

ஸ்டூரே கையை உயர்த்தினார். "குறுக்க பேசாதீங்க மாரித், சாட்சியைக் கலைக்காதீங்க." பிறகு என்னிடம் திரும்பி, "எழுதுங்க யோர்டிஸ். மூணு முறை கேட்டும் பதில் சொல்ல மறுத்தாள். வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியதாகச் சந்தேகம்."

மாரித் சுற்றிப் போய்த் தூவாவின் வலது பக்கம் மண்டியிட்டாள். அவள் உட்கார்ந்த பிறகுதான் தூவா நிமிர்ந்து ஸ்டூரேயைப் பார்த்தாள். அவர் அடுத்த கேள்வியைத் தொடங்கியிருந்தார்; டப்பாச் சத்தத்தில் அது எனக்கே பாதிதான் கேட்டது. அவர் உதடுகளைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்துவிட்டு, மாரித்தின் காதருகே குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"இந்த மாமா ஏன் ஒண்ணும் பேசாம வாயை மட்டும் அசைச்சுக்கிட்டே இருக்காரு?"